கிளிக்கு வசம்பு

என் கணவர் ஒரு காட்டுக் கிளியைப் பழக்கினார் என்று பினாங்கில் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இன்றைக்கும் குயின் தெருப் பக்கம் மிச்சம் இருப்பார்கள். அவர்களிடம் போய் நான் எதையும் திருத்தப் போவதில்லை. நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வந்து குண்டு போடுவதற்கு எட்டொன்பது வருஷம் முந்திய சங்கதி. என் கணவர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் மூன்றாவது கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. மூன்றாவது கிராணி என்றால், முன்னால் இருக்கும் இரண்டு பேரும் செத்தாலொழிய, அல்லது ஊருக்குக் கப்பல் ஏறினாலொழிய, நாற்காலியை நகர்த்த முடியாதவர் என்று அர்த்தம். அந்த இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியமாக இருந்தார்கள். நாங்கள் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் முன்னறையில் குடியிருந்தோம். எனக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி நான்கு வருஷம், பிள்ளை இல்லை.

என் கணவர் கெட்டவர் இல்லை. அடித்தவர் இல்லை, குடித்தவர் இல்லை. என்னிடம் பேசுவதற்கு ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சோறு ஆச்சா, சட்டை எங்கே, கதவைச் சாத்து, இந்த மூன்றுக்குள் நான்கு வருஷக் குடும்பத்தை நடத்திவிட்டார். சிக்கனம் என்றால் அப்படியொரு சிக்கனம்.

அவருக்கு வாழ்க்கையில் பெரிய துக்கம் ஒன்று உண்டு. அது பெரிய கிராணியின் கிளி.

தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்பட்டுப் போகும். பெரிய கிராணியின் வீடு அது போகும் வழியில் இருந்தது. அவர் வாசலில் ஒரு கூண்டு தொங்கும். அதற்குள் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கிளி. ரதம் வாசலில் நிற்கும்போது அது கணீரென்று ‘முருகா’ என்று சொல்லும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். முருகனுக்கே தான்தான் உபதேசம் செய்ததுபோலப் பெரிய கிராணி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த வருஷம் என் கணவரும் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார். முருகனைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. கிளியைப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசாரிலிருந்து கூண்டோடு வந்துவிட்டார். விற்ற மலாய்க்காரர், “பாண்டாய் சாக்காப், பாண்டாய் சாக்காப்” என்று சத்தியம் பண்ணினாராம். நன்றாகப் பேசும் என்று அர்த்தம். நன்றாகப் பேசியது விற்றவர்தான் என்பது போகப் போகத் தெரிந்தது. கிளி முழுப் பச்சை, கன்னத்தில் மட்டும் ரோஜா நிறம், வால் நீளம். நம் ஊர்க் கிளிக்கு இருப்பதுபோலக் கழுத்தில் சிவப்பு ஆரம் இல்லை. எங்கேயோ கடலோரக் காட்டில் கண்ணி வைத்துப் பிடித்திருக்கிறார்கள். மனிதர்களைப் பார்த்தே ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். பார்த்த மனிதர்களும் அப்படிப்பட்டவர்கள்.

மேல்மாடியின் பின்னறையில் ஓர் அக்கா குடியிருந்தார். ஐந்து பிள்ளை பெற்றவர். அதனால் உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தார்.

“என்னா கிராணியாரே, கழுத்துல ஆரமே இல்ல? கழுத்து வெறுமையா இருக்கிற கிளி குடும்பத்துக்கு ஆவாதுலா.”

“பேசுமாம் அக்கா. மூணு பாஷை பேசுமாம்.”

“மொதல்ல ஒரு பாஷை பேசட்டும்.”

அந்த ஒன்றில் மட்டும் அக்கா சொன்னது சரி.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. ஆபீஸுக்குப் போகுமுன் இருபத்தைந்து தடவை, வந்ததும் இருபத்தைந்து தடவை. கூண்டுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். “சொல்லு. முருகா. ம்? சொல்லு. என்ன முழிக்கிற? முருகா.” அவர் ஆபீஸ் துரை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் என் கணவருக்கு இயல்பாக வராத ஒரு குரல் வீட்டில் கேட்டபோது அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பகலெல்லாம் வாங்கியதைச் சாயங்காலம் கிளியிடம் இறக்கி வைத்தார். அவர் கையில் அகப்பட்டவர்களில் அவருக்குக் கீழே இருந்தது அது ஒன்றுதான். நானும் இருந்தேன், ஆனால் நான் சமைக்க வேண்டும்.

கிளி கூண்டின் பின்கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு நடுங்கும். அவர் ஒரு அடி முன்னால் வைத்தால் இறக்கையை அடித்துக்கொண்டு கம்பிக்குக் கம்பி மோதும். தரையெல்லாம் இறகு. அதைக் கூட்டி அள்ளுவது என் வேலை.

பிறகு பட்டினி போட்டார். சொன்னால்தான் தீனி என்று சட்டம். கிளிக்குச் சட்டம் தெரியாது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்து கிடந்தபிறகு கம்பி வழியாக ஒரு பப்பாளித் துண்டை நீட்டிக்கொண்டு “முருகா” என்றார். கிளி பப்பாளியை விட்டுவிட்டுக் கட்டைவிரலைப் பிடித்தது. நகத்தோடு சதையும் வந்துவிட்டது. அன்றைக்கு முருகா என்று சொன்னது என் கணவர்தான், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி. ஒரு வாரம் விரலில் துணி சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனார். கதவிடுக்கில் நசுங்கியது என்று அங்கே சொல்லிக்கொண்டாராம்.

கடைசி முயற்சியாக மார்க்கெட் தெருவில் உட்காரும் கிளி ஜோசியரிடம் யோசனை கேட்கப் போனார். ஜோசியர் தன் கிளியை விட்டு ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, சனி பார்வை இருக்கிறது, தை பிறந்தால் விலகும் என்றார். சனி யார்மேல், கிளிமேலா கிராணிமேலா என்பதைச் சொல்லவில்லை. ஜோசியரின் கிளி சீட்டை எடுத்துப் போட்டுவிட்டுத் தானே கூண்டுக்குள் போவதைப் பார்த்து என் கணவர் உருகிப்போய் வந்தார். “எவ்வளவு பாசம் பாரு.” இறக்கையை ஒட்ட வெட்டியிருந்தால் யாரும் கூண்டுக்குத்தான் திரும்பிப் போவார்கள். எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. சோறு, சட்டை, கதவு இந்த மூன்றில் எதிலும் அது சேராது.

இரண்டு மாதத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. “ஒனக்குத்தான் பகல்ல வேல ஒண்ணும் இல்லியே. நீ பாத்துக்க,” என்று சொல்லிவிட்டுக் கூண்டின் பக்கமே திரும்பாமல் இருந்தார்.

நான் ஏதோ ஞானத்தால் அந்தக் கிளியை வசப்படுத்தினேன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அதன்மேல் எரிச்சல்தான். அதன் எச்சத்தைக் கழுவி, இறகைப் பொறுக்கி, தண்ணீர் மாற்றி, என் பகல் பாதி அதிலேயே போயிற்று. தீனியை வைத்துவிட்டு அதன் மூஞ்சியில் முழிக்கப் பிடிக்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைப்பேன். ஒரு நாள் என் முதுகுக்குப் பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். நெல்லை உடைக்கிற சத்தம். ஆள் அறையில் இருக்கும்போது அது சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தேன். போட்டுவிட்டுப் பின்கம்பிக்கு ஓடிவிட்டது. மறுபடி முதுகைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘டக்’.

ஆக, அதற்கு வேண்டியிருந்தது தன்னைப் பார்க்காத ஆள். இரண்டு மாதம் ஒருவர் மூக்குக்கு முன்னால் நின்று கண்ணைக் கண்ணை உருட்டினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் வேலையைத் தூக்கிக்கொண்டு கூண்டருகே போய் உட்கார்ந்தேன். முதலில் நான்கு முழத் தூரம், பிறகு மூன்று. கிட்டப் போவதை அது கவனிக்காதபடி, நாளுக்குக் கொஞ்சமாகப் பலகையை நகர்த்துவேன். ஒரு நாள் அதிகமாக நகர்த்திவிட்டால் அடுத்த நாள் பழைய இடத்துக்கே போக வேண்டியிருக்கும். வாயால் பேசாமல் நாக்கை மட்டும் மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் நிலக்கடலை வரும் என்று கிளி தெரிந்துகொண்டது. கோபமா பயமா என்பதை அதன் கண்ணைக் கொண்டு நான் தெரிந்துகொண்டேன். கருவிழி சட்டென்று சுருங்கி விரிந்தால் கையை அந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும், முன்னாலும் போகக்கூடாது, பின்னாலும் இழுக்கக்கூடாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டு கடி. ஒன்றின் தழும்பு இன்னும் இருக்கிறது.

மூன்றாவது மாதம் கூண்டுக் கதவைத் திறந்து வைத்தேன். வாசலில் என் கையை மல்லாத்தி வைத்துவிட்டு இன்னொரு கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பத்து நாள் அந்தக் கை அங்கேயே கிடந்தது. மரத்துப்போகும், எறும்பு ஊரும். கிளி வாசல் வரைக்கும் வரும், என் கண்ணாடி வளையலை அலகால் தட்டிப் பார்க்கும், போய்விடும். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, ஒரு காலை எடுத்து உள்ளங்கையில் வைத்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. இன்னொரு காலையும் எடுத்து வைத்தது.

சூடான கால். அவ்வளவு சின்னக் காலுக்கு அவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கீரையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். என்னை என் கணவருக்குப் பார்த்து முடித்தது என் மாமியார். பினாங்குக்குக் கப்பல் ஏற்றியது என் அப்பா. இந்த மேல்மாடி அறையைப் பிடித்தது ஆபீஸில் யாரோ. அதுவரை என்னைத் தானாக, யாரும் சொல்லாமல், வேண்டும் என்று வந்தடைந்தது அந்தக் கிளி மட்டும்தான். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகு எங்கள் மத்தியானங்கள் நன்றாக இருந்தன. தோளில் உட்கார்ந்து காதோரத்து முடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும். பிடரியைச் சொறிந்து கொடுத்தால் இறகையெல்லாம் உப்பிக்கொண்டு கண்ணை மூடும். தூக்கம் வரும்போது அலகை அலகோடு தேய்த்து ‘கிர்ர் கிர்ர்’ என்று ஒரு சத்தம் போடும். என் கணவரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் தானே பறந்து கூண்டுக்குள் போய்விடும். நானும் நான்கு மாதம் மூச்சு விடவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. எனக்கென்று ஒரு விஷயம் அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான்.

மார்கழியில் ஒரு நாள் அவர் காய்ச்சலோடு சீக்கிரம் வந்துவிட்டார். வெறுங்காலோடு ஏறினாரோ என்னமோ, சத்தம் கேட்கவில்லை. கிளி என் தோளில் இருந்தது. வாசற்படியில் அப்படியே நின்றார்.

“இது எப்ப இருந்து?”

“கொஞ்ச நாளா.”

அவர் முகத்தில் சந்தோஷமா கோபமா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. ‘தைப்பூசத்துக்கு இன்னும் எத்தனை நாள்’ என்று அவர் மனசு ஓடியது முகத்திலேயே தெரிந்தது. காய்ச்சலை மறந்து பின்னறைக் கதவைத் தட்டி அக்காவைக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் கிளியைப் பற்றிப் பேசினார்கள். அதைப் பழக்கிய நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா தீர்ப்புச் சொன்னார். “மனுசாளோட பழகிருச்சி, பேச்சு மட்டும் வரல. நாக்கு தடிச்சிருக்கு, அதான். எம் பிள்ளைங்க அஞ்சுக்கும் நாக்குல வசம்பு தடவித்தான் பேச்சு வந்திச்சி. கிளிக்கும் தடவுனா மூணே நாள்ல பேசும் பாருங்க.”

கைக்குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தொட்டு வைப்பது நம்மில் எல்லா வீட்டிலும் உண்டு. அதை ஒரு பறவைக்குத் தடவலாம் என்று சீனருக்கும் தோன்றாது, மலாய்க்காரருக்கும் தோன்றாது. நமக்குத் தோன்றும். என் கணவர் அப்போதே கீழே இறங்கிப் போனார். விளக்கு வைத்த நேரத்தில் வசம்பு என்று பெயர் சொல்லக்கூடாது என்பதால் ‘பிள்ளை வளர்ப்பான் ஒரு துண்டு’ என்று கேட்டிருக்கிறார். கடைக்கார அண்ணன் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“அடடே! சொல்லவே இல்லியே கிராணியாரே! ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?”

“கிளி,” என்றாராம் இவர்.

கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு மேல்மாடி வரைக்கும் கேட்டது. அவர் அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. நான்கு வருஷமாக அந்தக் கடையில் எனக்காக ஒருவரும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை நடந்தது. அக்கா வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்துக் கொண்டுவந்தார். என் கணவர் துண்டோடு கூண்டுக்குள் கையை விட்டார். கிளி அவர் மணிக்கட்டைக் கிழித்துவிட்டு வெளியே பறந்து அலமாரிமேல் உட்கார்ந்தது. நாற்காலி போட்டு ஏறினார். அது சன்னல் கம்பிக்குப் போனது. அக்கா முறத்தோடு துரத்தினார். அரைமணி நேரம் அந்த அறை திருவிழாவாக இருந்தது. நான் ஒரு மூலையில் நின்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அப்போது அவர் வேர்க்க விறுவிறுக்க என் பக்கம் திரும்பினார். “அது ஒங்கிட்டதான் வரும். நீ கூப்பிடு. ஒன்னாலதான் முடியும்.”

அதுவும் அக்கா முன்னால் சொன்னார்.

நான்கு வருஷத்தில் என்னால் முடியும் என்று அவர் சொன்ன முதல் காரியம் அது. அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை. கணவர் சொல்லைத் தட்ட முடியாமல் செய்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் என்மேல் இரக்கப்படுவார்கள். பயந்து செய்யவில்லை. பெருமைக்காகச் செய்தேன்.

நாக்கைத் தட்டினேன். சன்னல் கம்பியிலிருந்து கிளி நேராக என் கைக்கு வந்தது. அவ்வளவு பேர் துரத்திய பிறகு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்ததுபோல் என் மார்போடு ஒட்டிக்கொண்டது. மற்றொரு கையை அதன் முதுகுமேல் வைத்து மூடினேன். விரலுக்குக் கீழே அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அது திமிறவில்லை. பிடித்தது நான் என்பதால் திமிறவில்லை. என் கணவர் தீக்குச்சியால் அலகை நெம்பித் திறந்தார். அக்கா விரலை உள்ளே விட்டுத் தடவினார். அப்போதுதான் கத்தியது. அந்தக் கத்தலில் ஒரு பாஷையும் இல்லை.

கையை விட்டதும் கட்டிலுக்கடியில் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. வாயோரம் கரியும் எச்சிலுமாக வழிந்தது. “பரவால்ல, நீ கெட்டிக்காரிதான்,” என்றார் என் கணவர். அக்கா, “தங்கச்சி கையில ஏதோ வசியம் இருக்கு,” என்றார். அன்றைக்கு நான் கூட்டுக்கு ஒரு தேங்காய் அதிகம் அரைத்துச் சமைத்தேன். கிளி கட்டிலுக்கடியில் இருக்கும்போது, நான் மேலே நின்று சந்தோஷமாக இருந்தேன். ஒரு வேளை சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் நின்றது.

ராத்திரி தானே கூண்டுக்குள் போய் அடைந்தது, ஆனால் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தது. நான் நாக்கைத் தட்டினேன். அந்தச் சத்தம் கேட்டதும் கம்பிக்குக் கம்பி மோதிக்கொண்டது, வந்த முதல் வாரத்தில் செய்ததுபோல. நான் எந்தச் சத்தத்தால் அதைக் கூப்பிட்டேனோ அந்தச் சத்தமே அதற்குக் கெட்ட சத்தமாகிவிட்டது. வாயைத் திறந்தவர் யார், தடவியவர் யார் என்றெல்லாம் அது விசாரிக்கவில்லை. பிடித்த கை எது என்பதை மட்டும் பார்த்து வைத்திருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை. கிளி இளைத்துப்போனதைக் கண்டு என் கணவர் பயந்துவிட்டார். தைப்பூசத்துக்கு முன் செத்துவிட்டால் பாவம் சுற்றும் என்று பாடத்தை நிறுத்தினார். கண்ணில் பட்டால் மனசு உறுத்துகிறது என்று கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். பார்க்காத ஆள், முதுகைக் காட்டிய ஆள், சத்தம் போடாத ஆள். மூன்று வாரத்தில் கிளி திறந்து கிடந்த கூண்டிலிருந்து வந்து அவர் நாற்காலிச் சட்டத்தில் ஏறி, அங்கிருந்து தோளுக்கு ஏறிவிட்டது. நான் ஆறு மாதம் கஷ்டப்பட்டு மனுஷ வாசனைக்குப் பழக்கி வைத்திருந்ததை அவர் பேப்பர் படித்தே அள்ளிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிலை மாதிரி அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர். அன்றைக்கு அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருந்தது.

ரதம் வந்த அன்று அவர் கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு மேல்மாடி சன்னலில் நின்றார். எங்கள் தெருவுக்குள் ரதம் வராது, ஆனால் தெருமுனையில் திரும்பும்போது நன்றாகத் தெரியும். மேளம், தேங்காய் உடைக்கிற சத்தம், ஜனக்கூட்டம். கிளி ‘முருகா’ சொல்லவில்லை. ‘மு’கூடச் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு ஆரவாரத்திலும் அவர் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே போனவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய கிராணியின் கிளி பேசும், ஆனால் கூண்டை விட்டு வராது, கையை விட்டால் கடிக்கும். விஷயம் அதற்குள் பரவி, சாயங்காலம் பெரிய கிராணியே நான்கு பேரோடு படியேறி வந்துவிட்டார். பானகம் கரைத்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

“எப்படி ஐயா பழக்கினீங்க? காட்டுக் கிளி இது, லேசுல படியாதே!” என்றார் பெரிய கிராணி. ஈயாடாத முகம்.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பொறுமை வேணுங்க. மொதல்ல அதப் பாக்கவே கூடாது. முதுகக் காட்டி உக்காரணும். கொஞ்சங் கொஞ்சமா கிட்டப் போவணும். தீனிய கையில வச்சிக்கிட்டு மாசக் கணக்குல காத்திருக்கணும்.”

நான் ஒரு நாள் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னதை, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். அவர் காதில் அது விழுந்திருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். கோபம் வந்தது. எல்லோர் முன்னாலும் போய், அவர் தோளுக்குக் கீழே என் கையை நீட்டினேன். எப்படியும் வரும் என்று ஒரு நப்பாசை. கிளி ஒற்றைக் கண்ணால் கையைப் பார்த்தது. பிறகு தோளை விட்டு ஏறி என் கணவரின் தலைமேல், குடுமிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். “வீட்டம்மாவக் கண்டா பயம்போல!” என்றார் பெரிய கிராணி. என் கணவரும் சிரித்தார். நான் பானகப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாளிலிருந்து நான் முதலிலிருந்து தொடங்கினேன். அதே பலகை, அதே நான்கு முழத் தூரம், முதுகைக் காட்டி. நாக்கைத் தட்டுவதை அடியோடு விட்டேன். ஒரு வருஷம் செய்தேன், இரண்டு வருஷம் செய்தேன். நான் இருந்தால் சாப்பிடும், தூங்கும், என் பக்கத்தில் தரையில் நடந்து போகும். பயம் போய்விட்டது. கைக்கு மட்டும் வரவில்லை. பால் கொண்டுவரும் ஆள் கைக்கு ஏறும், கடைக்கார அண்ணன் கைக்கு ஏறும். தடவிய அக்காவின் கைக்குக்கூட ஏறியது! “நன்றி கெட்ட பறவ தங்கச்சி. நீதான தீனி வைக்கிற?” என்று அக்கா எனக்காகப் பரிந்து பேசினார். ஆமாம் அக்கா என்று தலையாட்டினேன். 

ஆறு வருஷம் இருந்தது. கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மழைக்காலத்தில் சீக்கு வந்து, கொம்பில் நிற்க முடியாமல் கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. என் கணவர் ஆபீஸில் இருந்தார். அவர் வரும்வரை தாங்காது என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் வந்து, அழுது, இரண்டு நாள் லீவு போட்டு, பெரிய கிராணி நேரில் வந்து துக்கம் விசாரித்ததெல்லாம் பிறகு.

கதவைத் திறந்து, பழைய மாதிரி வாசலில் கையை மல்லாத்தி வைத்தேன். கிளி என் கையைப் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. ரொம்ப நேரம் காத்திருந்தேன். பிறகு கையை உள்ளே விட்டு நானே எடுத்துக்கொண்டேன். அது தடுக்கவில்லை, தடுக்க அதனிடம் பலம் இல்லை. என் கையில்தான் செத்தது. நான் மடியில் ஏந்தி வைத்திருந்தேன் என்றும், உயிர் என் கையில் பிரிந்தது என்றும், கடைசியில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதுபோல் என்னிடமே வந்துவிட்டது என்றும் அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அது வரவில்லை. நான் எடுத்தேன்.